‘ஒன்லி’யை எங்கே வைப்பது? ‘டுடே ஒன்லி’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

மழைக்காகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் சில சின்ன நிறுவனங்களுக்கு இங்கிருந்தே கணக்கு முடித்துக் கொடுக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை ஒரு வாடிக்கையாளர் அம்மா, “வேலை ஏன் இன்னும் தொடங்கவில்லை?” என்று கேட்டு எழுதியிருந்தார். கோப்புகள் எங்களுக்கு வந்ததே திங்கள் சாயங்காலம். அதைத்தான் நான் பதிலாக எழுதினேன்:

“வீ காட் தி ஃபைல்ஸ் எஸ்டர்டே ஒன்லி. டுடே ஒன்லி அவர் டீம் கேன் வொர்க் ஆன் திஸ்.”

என் மனதில் ஓடியது இது: “கோப்பு நேற்றுதான் கிடைத்தது. இன்றைக்குத்தான் எங்கள் ஆட்கள் கையில் எடுக்க முடியும்.” தப்பாக ஒன்றும் இல்லையே?

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இன்று ஒரு நாள் மட்டும்தான் உங்களிடம் ஆள் இருக்கிறதா, அப்படியானால் பாதி வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று. மேனேஜர் போன் போட்டுச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை, “இனிமேல் ஒன்லி போடும்போது என்னிடம் காட்டு” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பத்து வருடமாக ஆங்கிலத்தில் எழுதுகிறேன். இந்த ஒரு சொல்லை எங்கே வைப்பது என்று யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

‘டுடே ஒன்லி’ என்பது ஜவுளிக்கடை வாசலில் தொங்கும் வாசகம் ஐயா. சேலைக்குத் தள்ளுபடி, இன்று ஒரு நாள் மட்டும். அந்த அம்மா உங்கள் டீமையே ஆடித் தள்ளுபடியில் போட்டிருப்பதாக நினைத்துவிட்டார்.

தாமிரபரணி எழுதியது:

31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லுக்காகச் சிவப்பு மையை லிட்டர் கணக்கில் செலவழித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ‘தான்’, ‘மட்டும்’, ‘ஏ’ மூன்றும் எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அந்தச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். நேற்றுதான், நேற்று மட்டும், நேற்றே. ஆங்கில ‘ஒன்லி’க்கு வால் பிடிக்கும் பழக்கம் கிடையாது. பெரும்பாலும் தலைப்பக்கம் நிற்கும். நாம் தமிழில் யோசித்து அதே வரிசையில் சொல்லை அடுக்குவதால் ‘நேற்று’வுக்குப் பின்னால் ‘ஒன்லி’ வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுகிற வாக்கியம் ஒன்று உண்டு. “முருகன் கேவ் மை ஆன்ட் டூ இட்லிஸ் எஸ்டர்டே.” முருகன் நேற்று என் அத்தைக்கு இரண்டு இட்லி கொடுத்தான். ‘ஒன்லி’ என்று எழுதிய அட்டையை ஒரு பையன் கையில் கொடுத்து, வாக்கியத்தின் இடைவெளிகளில் ஒவ்வொன்றாக நிற்கச் சொல்வேன்.

முருகனுக்கு முன்னால் நின்றால், முருகன் மட்டும்தான் கொடுத்தான், மற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ‘மை ஆன்ட்’டுக்கு முன்னால் நின்றால் அத்தைக்கு மட்டும் இட்லி, மாமா பட்டினி. ‘மை’க்கும் ‘ஆன்ட்’டுக்கும் நடுவில் நுழைந்தால் எனக்கு இருப்பதே ஒரே ஓர் அத்தை (அங்கே அது அட்வெர்ப் இல்லை, பெயரடை ஆகிவிடுகிறது). ‘டூ’வுக்கு முன்னால் நின்றால் இரண்டே இரண்டு இட்லி, முருகன் கஞ்சன். ‘எஸ்டர்டே’வுக்கு முன்னால் நின்றால் நேற்றுதான் கொடுத்தான், அதற்குள் அத்தை மறுபடியும் வந்து நிற்கிறாள்.

‘கேவ்’வுக்கு முன்னால் நிற்கும் இடம் மட்டும் வில்லங்கம். “முருகன் ஒன்லி கேவ்” என்றால், கொடுத்தான், அவ்வளவோடு சரி, சட்னி ஊற்றவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை என்றும் பொருள் எடுக்கலாம். அத்தைக்கு மட்டும் என்றும் எடுக்கலாம், இரண்டே இட்லி என்றும் எடுக்கலாம். பேசும்போது குரலை எங்கே அழுத்துகிறோம் என்பதை வைத்துப் புரிந்துவிடும். காகிதத்தில் குரல் ஏது?

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். எழுதும்போது ‘ஒன்லி’யை அதன் ஆளுக்கு நேர் முன்னால் நிறுத்து.

மழைக்காகம் எழுதியது:

ஐயா, இட்லி உதாரணம் பிரமாதம். ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் சொன்னபடி ‘ஒன்லி டுடே’ என்று முன்னால் வைத்து, “ஒன்லி டுடே அவர் டீம் கேன் வொர்க்” என்று எழுதியிருந்தாலும் அந்த அம்மா அப்படித்தானே புரிந்துகொண்டிருப்பார்? இன்று மட்டும் என்று?

தாமிரபரணி எழுதியது:

ஆமாம் தம்பி. கேள்வி நியாயமானது. யோசித்துச் சொல்கிறேன்.

வடமராட்சியான் எழுதியது:

தம்பி மழைக்காகம், கவலைப்படாதேயும். என் கதையைக் கேளும். நான் ரொறன்ரோவில் இருக்கிறன். மகள் சின்ன வகுப்பில் படித்த காலம். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை யார் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. நான் எழுதிக் கொடுத்தது: “மை வைஃப் ஒன்லி வில் பிக் அப் தி சைல்ட்.” மனிசிதான் வருவா என்ற அர்த்தத்தில். நான் வேலைக்குப் போய்விடுவேன், அவதானே வழக்கமாகப் போறவ.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மனிசிக்குக் காய்ச்சல். நான் போனேன். பிள்ளை என்னைக் கண்டு “அப்பா” என்று ஓடிவருகிறாள், அவர்கள் விடுகிறார்கள் இல்லை. படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். தாய் மட்டும், வேறு ஒருவரிடமும் கொடுக்கக் கூடாது என்று தகப்பனே கையெழுத்து வைத்திருக்கிறார், நாங்கள் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். பனிக்குள் நின்று மனிசிக்குப் போன் எடுத்து, அவ காய்ச்சலோடு அவர்களோடு கதைத்த பிறகுதான் பிள்ளையை விட்டார்கள்.

அவர்கள் செய்தது சரி. எழுதினது நான். ஆனால் அந்த ஒன்லி எங்கே பிழைத்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதன் ஆளுக்கு முன்னால் வைத்து “ஒன்லி மை வைஃப்” என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம் அல்லோ?

சின்னப்பொண்ணு எழுதியது:

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. வடமராட்சி அண்ணா கேட்ட இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. இடம் மாற்றி வைத்தால் மட்டும் சரியாகாது. சில இடங்களில் ‘ஒன்லி’யே வரக் கூடாது.

நம் ‘தான்’ இரண்டு வேலை செய்கிறது. “முருகன்தான் கூப்பிட்டான்” என்று சொன்னால், முருகனைத் தவிர வேறு யாரும் கூப்பிடவில்லை என்று கணக்குச் சொல்வதாகவும் இருக்கலாம். “யார் போனில்?” என்று கேட்டதற்கு, வேறு யாரும் இல்லை, நம்ம முருகன் என்று ஆளைச் சுட்டிக் காட்டுவதாகவும் இருக்கலாம். நாம் அன்றாடம் பயன்படுத்துவதில் பெரும்பாலும் இரண்டாவதுதான். (இந்த வரியில் வந்த ‘தான்’கூட அதுதான்!)

ஆங்கில ‘ஒன்லி’ முதல் வேலையை மட்டும் செய்யும். மற்றவர்களைக் கழித்துக்கட்டும். ஆளைச் சுட்டுவதற்கு அவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். “இட் வாஸ் முருகன் ஹூ கால்ட்.” வாக்கியத்தையே பிளந்து முருகனை முன்னால் தூக்கி வைப்பது. “நீதானே சொன்னே” என்பதை நாம் “யூ ஒன்லி டோல்ட்” என்போம். அவர்கள், “யூ வேர் தி ஒன் ஹூ செட் இட்” என்பார்கள்.

“இங்கேதான் இருக்கிறேன்” என்பதற்கு “ஐ ஆம் ஹியர் ஒன்லி” இல்லை, “ஐ ஆம் ரைட் ஹியர்.” “அவர்தான் என் மாமா” என்பதற்கு “ஹீ ஒன்லி இஸ் மை அங்கிள்” இல்லை, வெறும் “தட்ஸ் மை அங்கிள்” போதும், பேசும்போது குரல் பார்த்துக்கொள்ளும். ‘ஒன்லி’ போட்டால் உங்களுக்கு வேறு மாமாவே இல்லை என்று ஆகிவிடும்.

அண்ணாவின் படிவத்தில், “மை வைஃப் யூஷுவலி பிக்ஸ் ஹெர் அப்” என்று எழுதியிருந்தால் பனியில் நின்றிருக்க வேண்டாம்.

தாமிரபரணி எழுதியது:

சின்னப்பொண்ணு அம்மா, சபாஷ். நீங்கள் சொன்னதற்குத் தமிழ் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. தொல்காப்பியர் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறார்: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து நிறுத்துவது பிரிநிலை. உறுதிப்படுத்துவது தேற்றம். ‘தான்’ என்பதிலும் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிரிநிலைக்கு ‘ஒன்லி’ போடலாம். தேற்றத்துக்குப் போட்டால் வம்பு.

31 வருடம் இடத்தை மட்டுமே திருத்தினேன். இந்தக் கோணத்தில் ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. பையன்கள் “ஹீ ஒன்லி” என்று எழுதியதை “ஒன்லி ஹீ” என்று மாற்றி, பொருளை இன்னும் கெடுத்து, மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் சுலபமாக ஒரு சோதனை சொல்லட்டுமா? தமிழ் வாக்கியத்தில் ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ போட்டுப் பார்ப்போம். பொருள் மாறாவிட்டால் ‘ஒன்லி’. மாறினால் வேண்டாம். “முருகன் மட்டும் கூப்பிட்டான்” - வேறு பொருள். எனவே ‘ஒன்லி’ கூடாது. முடிந்தது வேலை.

சின்னப்பொண்ணு எழுதியது:

முக்கால்வாசி இடத்தில் பலிக்கும். ஆனால் நேரம், தேதி வந்தால் கவிழ்ந்துவிடும். “நேற்றுதான் வந்தேன்” என்பதில் ‘மட்டும்’ போட்டால் “நேற்று மட்டும் வந்தேன்” ஆகிறது, பொருள் மாறுகிறது. உங்கள் சோதனைப்படி ‘ஒன்லி’ கூடாது. ஆனால் “ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே” நல்ல ஆங்கிலம்தான். ஏனென்றால் காலத்தோடு சேரும்போது அந்தச் சொல்லுக்கு ‘அதற்கு முன்னால் இல்லை’ என்று இன்னொரு பொருளும் உண்டு.

மழைக்காகம் விழுந்த பள்ளமும் இதே இடம்தான். ஒரே ‘ஒன்லி’ இறந்த காலத்தில் ஒரு மாதிரியும் எதிர்காலத்தில் ஒரு மாதிரியும் கேட்கும். “வீ காட் இட் ஒன்லி எஸ்டர்டே” என்றால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், நேற்று முடிந்துபோன சங்கதி. “ஒன்லி டுடே வீ கேன் வொர்க்” என்றால் இனி நடக்கப்போவதைப் பற்றிய பேச்சு, அதனால் ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும்.

அதனால் நான் தாமதத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஒன்லி’யைத் தொடுவதே இல்லை. ‘நாட் அன்டில்’ போட்டுவிடுவேன். “எட்டு மணிக்குத்தான் வந்தான்” என்பதற்கு “ஹீ டிட் நாட் கம் அன்டில் எய்ட்.” சண்டையே வராது.

இன்னொன்று. ‘நேற்றுதான்’, ‘நேற்றே’ இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். “நேற்றுதான் அனுப்பினேன்” என்பதில் தாமதம் தெரிகிறது. “நேற்றே அனுப்பிவிட்டேன்” என்பதில் பெருமை தெரிகிறது. முதலாவதை ‘எஸ்டர்டே ஒன்லி’ என்றும் இரண்டாவதை ‘எஸ்டர்டே இட்செல்ஃப்’ என்றும் எழுதிவிட்டு நமக்குள் புரிந்துகொள்கிறோம். வெளியில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே கலங்கல். இரண்டாவதற்கு, “ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட், இட் வென்ட் எஸ்டர்டே” என்று உடைத்து எழுதிவிடுவது நல்லது.

நீலவண்டி எழுதியது:

இவ்வளவு எதற்கு? ‘ஒன்லி’ கடைசியில் வந்தால் தப்பு. அவ்வளவுதான். எந்த வெள்ளைக்காரனும் கடைசியில் போட மாட்டான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அண்ணே, நான் வங்கியில் காசாளராக இருந்தவன். காசோலையில் “ரூபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி” என்று கடைசியில் தான் எழுதுகிறோம். தமிழில் “ரூபாய் ஐயாயிரம் மட்டும்.” கடைசியில் ஒரு பூட்டு மாதிரி. இல்லாவிட்டால் ஐயாயிரத்துக்குப் பின்னால் யாராவது ‘ஐந்நூறு’ என்று சேர்த்து எழுதிவிடலாம். எண்ணில் எழுதும்போது கடைசியில் கோடும் சிறுகோடும் போடுகிறோமே, அதே காரணம். ‘ஒன்லி’யை முன்னால் போட்டால் பூட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்ட கதை.

சின்னப்பொண்ணு எழுதியது:

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டும் என்ற பழைய எச்சரிக்கை வாசகத்தில் ‘ஒன்லி’ கடைசிச் சொல். களிம்புக் குழாயில் “ஃபார் எக்ஸ்டெர்னல் யூஸ் ஒன்லி.” கதவில் “ஸ்டாஃப் ஒன்லி.” அறிவிப்புப் பலகை, முத்திரை, படிவம், இங்கெல்லாம் கடைசியில் வருவது வெள்ளைக்காரர்களே வைத்த வழக்கம். நம் பேருந்தில் ‘மகளிர் மட்டும்’ என்று எழுதுவதற்கும் அதற்கும் வரிசையில்கூட வித்தியாசம் கிடையாது.

இவையெல்லாம் துண்டு வாசகங்கள். முழு வாக்கியம் என்று வந்துவிட்டால் கடைசி இடம் கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுகால் எழுதியது:

எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. “வீ ஆர் லைக் தட் ஒன்லி” என்பது நம் ஆங்கிலம். இந்திக்காரர்கள் ‘ஹீ’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அதுவும் நம் ‘தான்’ மாதிரியே வாலில் ஒட்டும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லோரும் இப்படிப் பேசுகிறோம், எல்லோருக்கும் புரிகிறது. இந்திய ஆங்கிலத்தை ஆராய்பவர்கள் இதைத் தப்பு என்று சொல்வதில்லை, இந்திய ஆங்கிலத்தின் இயல்பு என்றுதான் எழுதுகிறார்கள். இங்கிலாந்து அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே.

மழைக்காகம் எழுதியது:

கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையே அண்ணா, வேலையை வேறு இடத்தில் கொடுக்கப் போனார். சம்பளம் அங்கிருந்து வருகிறது.

சின்னப்பொண்ணு எழுதியது:

மறுகால் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். பெங்களூரில் இருக்கும் என் தோழியிடம் “ஐ டோல்ட் யூ தென் ஒன்லி” என்றுதான் பேசுகிறேன். அதை மாற்றினால் என்ன பெரிய துரைசாணி என்று கேட்பாள். படிக்கப் போகிறவருக்குத் ‘தான்’ தெரியாது என்றால் மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

ஒரு வேடிக்கை. ‘ஒன்லி’ என்ற சொல்லே ‘ஒன்’ என்பதிலிருந்து பிறந்தது. ஒன்று போன்ற, தனியான என்று பழைய பொருள். நம் ‘ஒரே’யும் ‘ஒரு’வோடு ‘ஏ’ சேர்ந்ததுதான். இரண்டு மொழியும் ஒரே எண்ணிலிருந்து புறப்பட்டு வெவ்வேறு பக்கம் போயிருக்கின்றன.

நீலவண்டி எழுதியது:

சரி, கடைசி விஷயத்தில் தோற்றேன். ஆனால் தாமிரபரணி ஐயா சொன்ன ‘ஆளுக்கு நேர் முன்னால்’ விதியாவது உறுதியானதா? நான் பார்க்கும் ஆங்கிலப் படங்களில் “ஐ ஒன்லி ஹேவ் டென் டாலர்ஸ்” என்கிறார்கள். விதிப்படி “ஐ ஹேவ் ஒன்லி டென்” என்றல்லவா வர வேண்டும்?

சின்னப்பொண்ணு எழுதியது:

அங்கேதான் ஐயாவோடு எனக்குச் சண்டை. ஆங்கிலேயர்களுக்கு வினைச்சொல்லுக்கு முன்னால் ‘ஒன்லி’யை வைப்பது பிறவிப் பழக்கம். ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1760-களிலேயே தன் இலக்கண நூலில் இதைக் குறை சொல்லியிருக்கிறார். மூன்று சொல் மட்டும் பேசினேன் என்பதற்கு “ஐ ஒன்லி ஸ்பேக் த்ரீ வேர்ட்ஸ்” என்கிறார்களே, “ஐ ஸ்பேக் ஒன்லி த்ரீ வேர்ட்ஸ்” என்றல்லவா வர வேண்டும் என்று. இரண்டரை நூற்றாண்டாக வாத்தியார்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1926-ல் ஃபௌலர் தன் பயன்பாட்டு அகராதியில் வாத்தியார்களைத்தான் கண்டித்தார். பொருள் குழம்பாத இடத்தில் எதற்கு இந்தக் கறார் என்பது அவர் கட்சி. “பத்து டாலர்தான் இருக்கிறது” என்பதை எங்கே வைத்துச் சொன்னால் என்ன, யாருக்கும் வேறு பொருள் தோன்றப்போவதில்லை.

தாமிரபரணி எழுதியது:

ஃபௌலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அம்மா. எங்கே குழம்பும், எங்கே குழம்பாது என்று அவர் காதுக்குத் தெரியும். என் பையன்களுக்கு அந்தக் காது வர இருபது வருடம் ஆகும். அதுவரை விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் தப்பில்லை. நீச்சல் தெரிந்தவர் கயிறு வேண்டாம் என்று சொல்லலாம்.

சின்னப்பொண்ணு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “ஐ ஒன்லி ஹேவ்” என்று எழுதும் பையனுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். அவன் ஆங்கிலப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

தாமிரபரணி எழுதியது:

ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாருக்கும் குறைக்க முடியாது!

முத்திரைத்தாள் எழுதியது:

வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரம் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. பொருள் குழம்பாத இடத்தில் பரவாயில்லை என்கிறீர்கள். குழம்புமா குழம்பாதா என்பது சண்டை வந்த பிறகுதான் தெரிகிறது. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

வாடகை ஒப்பந்தம். அதில் ஒரு வரி: “தி டெனன்ட் ஷேல் ஒன்லி பார்க் கார்ஸ் இன் தி ஃபிரன்ட் யார்ட்.” வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, அவர் உறவுக்காரப் பையன் ஆங்கிலத்தில் எழுதியது. வீட்டுக்காரர் நினைத்தது, முன்வாசலில் கார் மட்டும் நிறுத்தலாம், இருசக்கர வண்டி கூடாது, எண்ணெய் சொட்டித் தரை கெடும் என்று. குடி வந்தவரிடம் ஒரு காரும் இரண்டு ஸ்கூட்டரும் இருந்தன. அவர் படித்தது, காரை முன்வாசலில் மட்டும் நிறுத்த வேண்டும், பக்கவாட்டுச் சந்தில் விடக் கூடாது, ஸ்கூட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை என்று. அதனால் மூன்றையும் முன்வாசலில் நிறுத்தினார். மூன்றாவதாகவும் ஒரு பொருள் இருக்கிறது. நிறுத்துவது மட்டும், அங்கே கார் கழுவக் கூடாது. நல்லவேளை, யாரும் அதை எடுக்கவில்லை.

எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் இருவரும் எங்களிடம் வந்தார்கள். எங்கள் வழக்கறிஞர் செய்தது இவ்வளவுதான். ‘ஒன்லி’யை நகர்த்தி “ஷேல் பார்க் ஒன்லி கார்ஸ்” என்று போட்டார், அதோடு நில்லாமல் “நோ டூ-வீலர் ஷேல் பி பார்க்ட் தேர்” என்று தனி வரியும் சேர்த்தார். “ஒரு சொல்லை நம்பி வாசலை விடாதே” என்றார். அந்தத் தனி வரிதான் எனக்குப் பிடித்தது. மட்டும் என்று சொல்வதோடு, எது கூடாது என்பதையும் சொல்லிவிடுவது.

மழைக்காகம் எழுதியது:

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். “பணம் கட்டினால்தான் ரசீது”, “அவர் வந்த பிறகுதான் தொடங்குவோம்”, இப்படி வாக்கியத்துக்கு நடுவில் ‘தான்’ வந்தால்? நான் “இஃப் யூ பே ஒன்லி”, “ஆஃப்டர் ஹீ கம்ஸ் ஒன்லி” என்று எழுதுவேன். இப்போது பயமாக இருக்கிறது.

தாமிரபரணி எழுதியது:

இது என் பேட்டை. இங்கே ‘தான்’ சுத்தமான பிரிநிலை, ‘ஒன்லி’ தாராளமாகப் போடலாம். ஆனால் ‘இஃப்’, ‘ஆஃப்டர்’ இவற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். “யூ வில் கெட் தி ரெசீப்ட் ஒன்லி இஃப் யூ பே.” “வீ வில் ஸ்டார்ட் ஒன்லி ஆஃப்டர் ஹீ கம்ஸ்.”

‘ஒன்லி இஃப்’, ‘இஃப் ஒன்லி’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது “கட்டினால்தான்.” இரண்டாவது பெருமூச்சு: “இஃப் ஒன்லி யூ ஹேட் பெய்ட்!” என்றால் “அப்போதே கட்டியிருக்கக் கூடாதா!”

அந்த ‘ஒன்லி ஆஃப்டர்’ வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போனால் இன்னொரு காரியம் செய்யும். பின்னால் வரும் பகுதியைக் கேள்வி வாக்கியம் மாதிரிப் புரட்டிப் போடும். “ஒன்லி ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ட் டிட் தே ஸ்டார்ட் தி மேட்ச்.” ‘தே ஸ்டார்ட்டட்’ இல்லை, ‘டிட் தே ஸ்டார்ட்.’ பிளஸ் டூவில் ‘நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ’ மனப்பாடம் செய்தோமே, அதுவும் முன்னால் வந்தால் இதே புரட்டல்தான். ஆனால் “ஒன்லி முருகன் நோஸ்” என்பதில் புரட்டல் கிடையாது, முருகன் எழுவாய் என்பதால். புரட்டுவதில் சந்தேகம் வந்தால் ‘ஒன்லி’யை நடுவிலேயே வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். யாரும் கேட்கப்போவதில்லை.

வடமராட்சியான் எழுதியது:

ஐயா, முருகனுக்கு ‘அலோன்’ போடலாம் அல்லோ? “முருகன் அலோன் நோஸ்.” அது பெயருக்குப் பின்னால்தானே வருகுது? எங்கட ‘மட்டும்’ மாதிரி வாலில்.

தாமிரபரணி எழுதியது:

வரும், நல்ல கண்டுபிடிப்பு! தமிழ் வரிசையிலேயே யோசிக்கிறவர்களுக்கு வசதியான சொல். கொஞ்சம் உயர்ந்த நடை, அவ்வளவுதான். வினைக்குப் பின்னால் போகவிட்டுவிடாதீர்கள். “முருகன் கேம் அலோன்” என்றால் துணை இல்லாமல் தனியாக வந்தான் என்றாகிவிடும்.

மழைக்காகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த மின்னஞ்சலைத் திரும்பவும் எழுதிப் பார்த்தேன், அடுத்த முறைக்காக:

“தி ஃபைல்ஸ் டிட் நாட் ரீச் அஸ் அன்டில் மண்டே ஈவினிங், ஸோ வீ ஸ்டார்ட்டட் வொர்க் திஸ் மார்னிங்.”

சரியா?

சின்னப்பொண்ணு எழுதியது:

சரி. ஒரு ‘ஒன்லி’கூட இல்லை, பார்த்தீர்களா? ‘கேன்’ எடுத்துவிட்டு ‘ஸ்டார்ட்டட்’ போட்டதும் நல்லதாயிற்று. ‘முடியும்’ என்று சொன்னதில்தான் அவருக்குச் சந்தேகமே கிளம்பியது.

மழைக்காகம் எழுதியது:

இன்று மேனேஜரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “பிரமாதம். ஆனால் அந்த ‘மண்டே ஈவினிங்’ பக்கத்தில் ஒரு ‘ஒன்லி’ போட்டால் இன்னும் அழுத்தமாக இருக்குமே” என்றார்.

தாமிரபரணி எழுதியது:

எந்தப் பக்கத்தில் என்று கேட்டீர்களா?